ரசீது இங்கே, கிழிந்த பெட்டி அங்கே

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் மனுப் பிரிவுத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்பட்டுள்ளது. - ஆசிரியர் குழு)



எனக்கு முன்னால் பேசிய தோழர் குடிசைப் பகுதி மறுகட்டுமானம், வாடகை, ரேஷன் அட்டை என்று பெரிய விஷயங்களைப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பேச வந்திருப்பது ஓர் அட்டைப்பெட்டியைப் பற்றி. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஆனால் ஊருக்கு ஒரு பார்சலாவது அனுப்பாத குடும்பம் இந்தக் கூடத்தில் இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கலாம். ஒரு கைகூட எழவில்லை.

பணத்தை இப்போது போனிலேயே அனுப்பிவிடுகிறோம். தங்கைக்கு எடுத்த சேலையைப் போனில் அனுப்ப முடியுமா? பிள்ளைக்கு வாங்கிய புத்தகப் பையை அனுப்ப முடியுமா? வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறவன், மற்ற பதினோரு மாதமும் ஊரில் இருப்பது இந்தப் பெட்டிகளின் வழியாகத்தான். அந்தப் பெட்டி கிழிந்துபோய்ச் சேர்ந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

நம் பகுதியில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று முன்பே எச்சரித்துவிட்டார், ஆகவே பெயர் வேண்டாம். 2023 ஜூலையில், தங்கை கல்யாணத்துக்காக ஒரு பார்சல் கட்டினார். மாதச் சீட்டுப் போட்டு எடுத்த சேலை 4,200 ரூபாய். தம்பி மகளுக்குப் பாவாடைத் துணி 1,150. எவர்சில்வர் பாத்திரம் 1,300. ஆக மொத்தம் 6,650 ரூபாய். எடை 3 கிலோ. ஸ்பீட் போஸ்ட் கட்டணம் வரியோடு 330 ரூபாய். மும்பை மழை கொட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

ஒன்பதாம் நாள் திருநெல்வேலிச் சீமையில் அவர் அப்பா வீட்டு வாசலுக்குப் பெட்டி வந்தது. ஒரு மூலை பிய்ந்திருந்தது. யாரோ மறுபடி கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கொண்டுவந்த தபால்காரர் தெரிந்தவர், உச்சி வெயிலில் வந்திருக்கிறார். மோர் கொடுத்தார்கள். அவர் நீட்டிய இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால், சேலை நனைந்து சாயம் இறங்கியிருக்கிறது. பாவாடைத் துணியைக் காணோம். அம்மா அழுதிருக்கிறார். மறுநாள் காலை அந்தப் பெட்டி வெந்நீர் அடுப்புக்குள் போய்விட்டது.

இதைக் கேள்விப்பட்டுச் சகோதரி என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, முந்நூத்தி முப்பது ரூவா எண்ணி வாங்கிட்டுத்தான அனுப்புனாவ? எஞ் சேலைக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? பொதுவாக யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

விக்டோரியா மகாராணி ஆட்சியில் இருந்தபோது, 1898இல், இந்திய அஞ்சல் நிலையச் சட்டம் போட்டார்கள். அதன் 6ஆம் பிரிவு சொன்னது இது: தபாலில் போகும் பொருள் தொலைந்தாலும், ஆள் மாறிப் போனாலும், தாமதமானாலும், சேதமானாலும் சர்க்காருக்குப் பொறுப்பு இல்லை. தானாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு எதுவோ அது மட்டும்தான். ஊழியரும் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தாலொழியப் பொறுப்பில்லை. வெள்ளைக்காரன் போனான். பிரிவு போகவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்றமும், தபால் துறை கூலிக்குச் சுமை ஏற்றும் வண்டிக்காரனைப் போன்றது அல்ல, அது சட்டத்தின் கீழ் அரசு நடத்தும் பொதுச் சேவை என்று ஒரு வி.பி.பி. பார்சல் வழக்கில் சொல்லிவிட்டது.

அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக 2023ஆம் ஆண்டு அஞ்சல் நிலையச் சட்டம் வந்தது. மக்களவை அதை நிறைவேற்றிய டிசம்பர் 18 நினைவிருக்கிறதா? எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் கூட்டம் கூட்டமாக இடைநீக்கம் செய்த நாள். தபாலைப் பிரித்துப் பார்க்கச் சர்க்காருக்கு அதிகாரம் தரும் 9ஆம் பிரிவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, எழுத வேண்டியதுதான். அதற்கு அடுத்த 10ஆம் பிரிவில், பொறுப்பில்லை என்ற பழைய பாட்டு சத்தமில்லாமல் புதிய சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு பொறுப்பு ஏற்பது என்பதை விதிகள் மூலம் அரசே வகுத்துக்கொள்ளலாம். 2024 ஜூன் 18 முதல் இதுதான் நாட்டின் சட்டம்.

இதே மத்திய அரசு ரயில் ஓட்டுகிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 93ஆம் பிரிவு, ஏற்றுக்கொண்ட சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ ரயில்வேதான் பொறுப்பு என்கிறது. விதிவிலக்குகள் உண்டு, தொகைக்கு வரம்பும் உண்டு, ஆனால் தொடக்கம் பொறுப்பிலிருந்து. தண்டவாளத்தில் போனால் பொறுப்பு, தபால் பையில் போனால் பொறுப்பில்லை! இதற்கு என்ன நியாயம் என்று நம் தொகுதி எம்.பி.யிடம் கேட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வந்தால் நம் பத்திரிகையில் போடுவோம்.

அப்படியானால் சகோதரிக்கு ஒன்றுமே கிடையாதா? உண்டு. ஸ்பீட் போஸ்டுக்கு 1999இல் ஒரு விதி போட்டார்கள். பொருள் தொலைந்தாலோ உள்ளடக்கம் சேதமானாலோ, கட்டிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு, அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அவர் பார்சல் போன காலத்தில் நடப்பில் இருந்தது அந்த விதிதான். 330க்கு இரண்டு மடங்கு 660. சேலை 4,200 ஆனாலும் 42,000 ஆனாலும் அதே 660. பொருளின் விலை அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை, பாருங்கள்.

நம்மவர்கள் பலர் "ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், இனிப் பயமில்லை" என்பார்கள். பதிவு செய்தால் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள், எங்கே போகிறது என்று பார்க்கலாம், அவ்வளவே. பதிவுத் தபாலுக்குக் கிடைத்ததும் 100 ரூபாய் வரை கருணைத் தொகைதான். அந்தத் தனிச் சேவையே 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பொருளின் விலைக்கு ஏற்ப இழப்பீடு வேண்டுமானால் வழி ஒன்றுதான்: அனுப்பும்போதே விலையைச் சொல்லி இன்ஷூர் செய்வது. அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அரக்கு முத்திரை, ஒழுங்கான கட்டு என்று கேட்பார்கள். கவுண்ட்டரில் இருப்பவருக்கு அது கூடுதல் வேலை, ஆகவே "எதுக்கு?" என்பார். "எதுக்கா, என் ஒரு வருஷச் சீட்டு இதுக்குள்ளே இருக்கு" என்று சொல்லுங்கள்.

தையற்கடைத் தோழர் ஒருவர் அப்படிச் சொல்லித்தான் 2022இல் மனைவிக்கு ஒரு மிக்சி அனுப்பினார். 3,400 ரூபாய்க்கு இன்ஷூர். பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி கெட்டிக்காரர். கையெழுத்துப் போடவில்லை. "ஆபீசுக்கே கொண்டுபோங்க, நான் அங்க வாறேன்" என்றார். போஸ்ட் மாஸ்டர் முன்னிலையில், சாட்சிகளை வைத்து எடை போட்டுப் பிரித்தார்கள். ஜார் இரண்டும் மூடியும் உடைந்திருந்தன, மோட்டாருக்கு ஒன்றுமில்லை. அதை அப்படியே எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். உடைந்தவற்றின் விலை 1,450 ரூபாய் வந்து சேர்ந்தது. தோழருக்கு வருத்தம், முழு 3,400 வேண்டும் என்றார். அது கிடைக்காது. இன்ஷூர் தொகை உச்சவரம்பு. உண்மையான நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் கொடுப்பார்கள். ஆகவே 500 ரூபாய்ச் சாமானை 5,000க்கு இன்ஷூர் செய்து ஒரு லாபமும் இல்லை, வில்லங்கம்தான் மிச்சம்.

நம் கோரிக்கைகள் தோற்கும் இடம்

சங்கத்துக்கு வரும் பார்சல் புகார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஊர்க்காரன் ஒருவன் பக்கத்து மாவட்டத்துக்குப் பார்சல் அனுப்பிச் சேதமானால், ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போய் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடுவான். நமக்கு? ரசீது இங்கே மும்பையில், சட்டைப் பையில். கிழிந்த பெட்டி அங்கே, சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். பில் இங்கே, கையெழுத்து அங்கே. இழப்பீடு கேட்க வேண்டியவர் பொதுவாக அனுப்பியவர், சேதத்தைக் கண்டவரோ பெற்றவர். சாட்சியத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ரசீதை நாம் ஒரு வாரத்தில் தொலைத்துவிடுகிறோம், பெட்டியை அம்மா அடுப்பில் வைத்துவிடுகிறார். பிறகு எந்தக் கொம்பன் மனு எழுதினாலும் துறை ஒரே வரியில் பதில் எழுதும்: "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் உள்ளது."

ஆகவே பெட்டியைக் கட்டும் இடத்திலேயே கோரிக்கை ஆரம்பமாகிறது. சாமானை அடுக்கி, பில்லையும் பக்கத்தில் வைத்து, போனில் ஒரு படம். கட்டி முடித்து முகவரியோடு ஒரு படம். ரசீதில் எடை அச்சாகியிருக்கும், அதை ஒரு படம். மூன்றையும் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இந்த எடை இருக்கிறதே, அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ரசீதில் 3 கிலோ, அங்கே தராசில் இரண்டரை என்றால், மீதி அரைக் கிலோ எங்கே என்று துறைதான் சொல்ல வேண்டும்.

கட்டும் விதத்தைப் பற்றித் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து அனுப்பிய கை உங்களுடையது. இப்போது கடையில் கிடைக்கும் பழைய அட்டைப்பெட்டியில் ஒரு சுற்று டேப் ஒட்டி விட்டுவிடுகிறோம். மழைக்காலத்தில் அட்டை ஊறிவிடும். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, அதன் வாய் ஒட்டியிருக்க வேண்டும். கட்டு சரியில்லை என்றாலோ, பொருளின் தன்மையே அப்படி என்றாலோ இழப்பீடு இல்லை என்பது துறையின் முதல் பதில். ஊரிலிருந்து கோடையில் வரும் கருப்பட்டி இளகியது என்றும், அச்சு முறுக்கு நொறுங்கியது என்றும் என்னிடம் மனு எழுத வராதீர்கள். என் அம்மா அனுப்பிய முறுக்கையே நான் முப்பது வருஷமாக ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன்.

அடுத்து, ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது. பெட்டி பிய்ந்திருந்தால், நனைந்திருந்தால், மறுகட்டுப் போட்டிருந்தால் கையெழுத்து வேண்டாம். முன்பு காகிதத்தில் "கிழிந்த நிலையில் பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்திடலாம். இப்போது போன் திரையில் விரலால் கிறுக்கச் சொல்கிறார்கள், அதில் எங்கே எழுதுவது? ஆகவே தையற்கடைத் தோழரின் மனைவி செய்ததைச் செய்யச் சொல்லுங்கள். ‘ஓப்பன் டெலிவரி’ என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். எடை, பட்டியல், சாட்சி, நகல். பெட்டியும் கயிறும் விசாரணை முடியும்வரை பரண் மேல் இருக்கட்டும்.

தபால்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. கிராமத்தில் நம் வாசலுக்கு வருகிறவர் பெரும்பாலும் கிராமிய அஞ்சல் ஊழியர். காலமெல்லாம் தபால் சுமந்தும் நிரந்தர அரசு ஊழியர் என்ற அந்தஸ்து கிடைக்காத தொழிலாளி. பெட்டியைக் கிழித்தவர் அவர் இல்லை. "அண்ணே, உங்க மேல குத்தம் இல்ல, முறைப்படி எழுதிருவோம்" என்று சொன்னால் அவரும் ஒத்துழைப்பார்.

மனு எங்கே, எந்த மொழியில்?

சகோதரியின் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி இல்லை, கையெழுத்து இருக்கிறது. முதல் மனு, எதிர்பார்த்தபடியே தள்ளுபடி. ஆனால் மறுகட்டுக் கயிறு என்ற ஒரு சொல் எனக்கு உறுத்தியது. வழியில் ஓர் அலுவலகத்தில் பெட்டி பிரிந்த நிலையில் வந்திருந்தால், அதை அங்கே பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டுமே? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துக் கேட்டோம். தபால் துறை மேல் கேள்வி கேட்கவும் தபால் ஆபீசில்தான் ஆர்டர் வாங்க வேண்டும், வேடிக்கைதான். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தந்தார்கள். வழியில் ஓர் அலுவலகம் "சேதமான நிலையில் வந்தது, மறுகட்டுச் செய்யப்பட்டது" என்று எழுதிவைத்திருந்தது. அந்த நகலை வைத்து மறுபடி எழுதினோம். 2024 பிப்ரவரியில் 660 ரூபாய் வந்தது.

"அறுநூத்தி அறுவது ரூவாய்க்கா அண்ணாச்சி ஏழு மாசம் அலைஞ்சோம்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம், பார்சலில் வளையல் பெட்டி உடைந்த இன்னொரு பெண்ணை அவரே சங்கத்துக்குக் கூட்டிவந்தார்.

மனுவை எந்த மொழியில் எழுதுவது என்று பலர் தயங்குகிறீர்கள். அச்சிட்ட படிவங்களில் தமிழ் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 350ஆம் பிரிவைக் கேளுங்கள்: குறை தீர்க்கக் கோரி மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும், நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஊரில் இருக்கும் உங்கள் அப்பா, தான் கண்ட சேதத்தைத் தமிழிலேயே தன் கைப்பட எழுதட்டும். அதுதான் உயிருள்ள சாட்சியம். இங்கே நாம் ஆங்கிலத்தில் ஒரு முகப்புக் கடிதம் வைப்போம். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு மத்திய அரசு இந்தியில் பதில் அனுப்பியதை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் போட்ட வழக்கில், எழுதிய மொழியிலேயே பதில் தர வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. இந்தியில் பதில் வந்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லித் திருப்பி அனுப்புவோம்.

முதல் புகார் பதிவு செய்த தபால் நிலையத்தில், அல்லது துறையின் இணையப் பக்கத்தில். புகார் எண் இல்லாமல் திரும்பாதீர்கள். முதல் மாதத்துக்குள் செய்துவிடுங்கள், ஆறப்போட்டால் ஆறிவிடும். பிறகு கோட்டக் கண்காணிப்பாளர், அதற்கும் மேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் ‘டாக் அதாலத்’. அதற்கு ஆளையே நேரில் அனுப்பிப் பேசலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. 2020 ஜூலை முதல், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். பிழைக்கப் போன இடத்திலிருந்தே கேட்கலாம் என்று அர்த்தம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: பொறுப்பில்லை என்ற அந்தப் பழைய பிரிவைக் காட்டித் தள்ளுபடியான தபால் வழக்குகள் நிறைய. துறை தன் விதிப்படி தர வேண்டியதையே மறுத்தாலோ, திருட்டு என்று காட்டச் சான்று இருந்தாலோ போவோம். வெறும் கோபத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

தனியார் கூரியரில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இளைஞர்கள் நினைக்கிறீர்கள். ரசீதின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்தீர்களா? பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததால் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்ட ரசீதில் 100 டாலர்தான் பொறுப்பு என்று இருக்கிறது, அதுதான் கிடைக்கும் என்று முடித்துவிட்டது. கம்பெனிக்கே அந்தக் கதி.

நம்முடைய கோரிக்கைகள் இரண்டைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கவுண்ட்டரில் விலை சொல்லி இன்ஷூர் செய்யலாம் என்பதையும், இன்றைய இழப்பீட்டு அளவையும் தமிழ் உட்பட அனுப்புவோர் மொழிகளில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். சேதமான பெட்டியைக் கொண்டுவரும் ஊழியரே ஓப்பன் டெலிவரி உரிமையைச் சொல்ல வேண்டும், திரையில் அதற்கு ஓர் இடம் வேண்டும். கூட்டம் முடியும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் மனு மேசை இருக்கும். ரசீது, பில், ஊரிலிருந்து வந்த படம், மூன்றையும் கொண்டுவாருங்கள். தீபாவளிக்குப் பார்சல் கட்டப்போகிறவர்கள் அதற்கு முந்தின ஞாயிறே வந்தால், கட்டுவதற்கு அரக்கும் சணலும் சங்கத்திலேயே வாங்கி வைத்திருப்போம். கட்டிக் காட்ட அந்தச் சகோதரி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.